உன் பெயர் மேல் இருந்த சிவப்புக் குறி

அன்பு மகன் செழியனுக்கு, உன் அப்பா வீரையன் தன் கையாலேயே எழுதுவது. எழுத்தெல்லாம் கோணலாக இருக்கிறதே என்று முகம் சுளிக்காதே தம்பி. கோடு போட்ட நோட்டில்தான் எழுதுகிறேன், ஆனாலும் சில எழுத்து கோட்டுக்கு மேலே ஏறிவிடுகிறது, சிலது கீழே இறங்கிப் படுத்துக்கொள்கிறது. மண்வெட்டி பிடித்த விரலுக்குப் பேனா மெலிதாக இருக்கிறது, அழுத்திப் பிடித்தால் தாள் கிழிகிறது, லேசாகப் பிடித்தால் நழுவிப்போகிறது. இந்த ஒரு பக்கத்துக்கே இரண்டு தடவை எழுந்துபோய் விரலை நீவிவிட்டு வந்தேன். முதியோர் வகுப்பில் சேர்ந்து பத்து மாதத்தில் உனக்குக் கடிதம் எழுதும் அளவுக்கு வந்துவிட்டேன் என்பதை நினைத்தால், அறுபத்தெட்டு வயதில் எனக்கே சிரிப்பு வருகிறது. தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள். 'ழ' மட்டும் இன்னும் என் சொல் கேட்பதில்லை, உன் பெயரிலேயே அது வந்து உட்கார்ந்திருக்கிறது, என்ன செய்வது.

இங்கே நான், உன் அம்மா, தங்கை மலர்க்கொடி மூன்று பேரும் சுகம். நீ சுகமாக இருக்கிறாய் என்று உன் வாயால் கேட்டு இன்றோடு இருபத்து மூன்று நாள் ஆகிறது. மலைப்பக்கம் ஒரு மாட்டுப் பண்ணைக்குப் போகிறேன், அங்கே போன் எடுக்காது, வர ஒரு மாதம்கூட ஆகலாம் என்று நீ சொல்லிவிட்டுத்தான் போனாய், அது எங்களுக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆனாலும் தினமும் காலையில் உன் அம்மா போனை எடுத்து அழுத்திப் பார்க்கிறாள். ஒரு பெண் இங்கிலீஷில் ஏதோ சொல்கிறாள், உன் அம்மா அவளுக்கும் பதில் சொல்லிவிட்டுத்தான் வைக்கிறாள். ஒரத்தநாட்டில் மாட்டு டாக்டருக்குப் படிக்கும்போது சனிக்கிழமை தவறாமல் வந்து நிற்பாய், இப்போது நியூசிலாந்து எந்தப் பக்கம் என்றுகூட எங்களுக்குக் காட்டத் தெரியவில்லை. நீ எழுதிக் கொடுத்துவிட்டுப் போன முகவரிக்குக் கடிதம் போனால் என்றைக்காவது உன் கைக்கு வரும் என்று மலர்க்கொடி சொன்னாள், அதனால்தான் எழுதுகிறேன். மற்றபடி நம் மூன்று மா நிலத்திலும் சம்பா நட்டு முடிந்து பச்சை பிடித்துவிட்டது. மழை விட்டபாடில்லை, அதுதான் பயம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, எண்ணெய் தேய்க்கச் சொன்னால் தேய்த்தேன் என்று பொய் சொல்கிறாள்.

நானும் ஒரு பொய் சொன்னேன் தம்பி. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போன வாரம் முழுவதும் எங்களைத் தூங்கவிடாத விஷயம் அது, உன் பெயரும் அதில் இருப்பதால் உனக்குத் தெரிய வேண்டும்.

பாபநாசம் சாலையில் மலர்க்கொடி வைத்திருக்கும் கம்ப்யூட்டர் சென்டரில் வருடத்தில் இந்த நாட்களில்தான் கூட்டம். சம்பா பயிருக்குக் காப்பீடு பதிவதற்குப் போன வெள்ளிக்கிழமை கடைசி நாள். நம் ஊரும் பக்கத்து இரண்டு ஊரும் சேர்த்துத் தொண்ணூறு பேர் சிட்டா, அடங்கல், பேங்க் புத்தகம் எல்லாவற்றையும் அவளிடம் கொடுத்துவிட்டு, நீ போட்டுவிடு அம்மா என்று வயலுக்குப் போய்விட்டார்கள். அவளும் சரி என்று வாங்கி வைத்துவிட்டாள். பதிந்த பிறகு மழையில் பயிர் மூழ்கினால் ஒரு பிடிமானம் இருக்கும், பதியாமல் மூழ்கினால் ஒன்றும் இல்லை. அந்தத் தொண்ணூறு பேர் பயிரும் அவள் மேசைமேல் ஒரு கட்டாக இருந்தது.

திங்கட்கிழமை பார்த்தால் கம்ப்யூட்டர் நகரவே இல்லை. ஒரு பைலைத் தேடி, போல்டர் என்கிற பெட்டியைத் திறந்தால் உள்ளே வெள்ளையாக ஒன்றும் இல்லாமல் நிற்கிறது, மேலே பச்சைக் கோடு ஒன்று நத்தை போல ஊர்ந்து வருகிறது, பாதி வழியில் அப்படியே நின்றுவிடுகிறது. மவுஸின் வலது பக்கத்தை அழுத்தினால் ஒரு பட்டியல் வருமே, அது வராமல் வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஒருவருடைய அடங்கலை எடுத்து மேலே அனுப்ப வேண்டும் என்றால் இப்படி ஆறு தடவை திறக்க வேண்டும், ஆறு தடவையும் காத்திருக்க வேண்டும். நீ வைகாசியில் வந்து போனதிலிருந்தே கொஞ்சம் மந்தம்தான், ஒருவர் இருவர் வந்துகொண்டிருந்ததால் பெரிதாகத் தெரியவில்லை. வாய்க்காலில் தண்ணீர் குறைவாகப் போகும்போது அடைப்பு தெரியாது, நிறையத் திறந்துவிட்டால்தான் கரை வழியும், அது போல.

செவ்வாய்க்கிழமை ராஜகிரியிலிருந்து தஹ்மீனா ஸ்கூட்டரில் வந்தாள். இந்தப் பக்கத்துக் கம்ப்யூட்டருக்கெல்லாம் கோளாறு பார்க்கிற பெண், கெட்டிக்காரி, வாயும் கொஞ்சம் அதிகம். முதலில் பழைய பைல்களைப் பற்றி அது ஞாபகம் வைத்திருக்கும் பட்டியலை அழித்தாள். படங்களைச் சின்னச் சின்னதாகக் காட்டுவதை நிறுத்தினாள். நாலாயிரம் பைல் ஒரே பெட்டியில் கிடப்பதைப் பார்த்து, "என்னக்கா இது, கல்யாண வீட்டு செருப்பு மாதிரி கெடக்குது" என்று மலர்க்கொடியைக் கேலி பேசிக்கொண்டே ஊர் வாரியாகப் பிரித்து வைத்தாள். கொஞ்சம் தேவலாம் போல இருந்தது, ஒரு மணி நேரத்தில் பழையபடி ஆகிவிட்டது. பிறகு அந்த வலது பக்கத்துப் பட்டியலைப் பார்த்தாள். நாம் புதிதாக எதைப் போட்டாலும் அது தன் பெயரையும் அந்தப் பட்டியலில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுமாம், அதில் ஏதோ ஒன்று பதில் சொல்லாமல் இழுத்தால் பட்டியல் முழுவதுமே வராதாம். எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோது, நாற்பது வருடம் ஊர் வயலுக்கெல்லாம் முறை வைத்துத் தண்ணீர் கட்டியவன் வாய் சும்மா இருக்குமா, நான் சொன்னேன்: எல்லா மடையையும் மூடிவிட்டு ஒவ்வொன்றாகத் திறந்து பார் அம்மா, எதைத் திறந்ததும் தண்ணீர் கீழே இறங்காமல் நிற்கிறதோ அதுதான் கோளாறு என்று. அவள் என்னைத் திரும்பிப் பார்த்து, "ஐயா, இத எனக்கு சொல்லித்தர மூணு வருஷம் காலேஜ்ல ஃபீஸ் வாங்குனாங்க" என்றாள். எனக்கு எவ்வளவு பெருமை என்று கேட்காதே, சட்டைப் பையில் இருந்த பேனாவை எடுத்து ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

அப்படியே எல்லாவற்றையும் மூடி ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டு வந்தாள். ஒன்று அகப்பட்டது, பழைய போனுக்காகப் போட்டது, அதை எடுத்தாள். அப்புறம் இடது பக்கம் கீழே இருந்த ஒன்றைக் காட்டி, "இது என்ன, சிவப்பா பெருக்கல் குறி போட்டுருக்கு, இது வேணுமா?" என்று கேட்டாள். மலர்க்கொடி வாசல் பக்கம் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தாள், அவள் காதில் விழவில்லை. நான்தான் பக்கத்தில் இருந்தேன். நான் சொன்னேன், அதைத் தொடாதே அம்மா, அது என் மகனுடையது, அவன் அங்கிருந்தே அதில் என்னென்னவோ பார்க்கிறான், அதை எடுத்தால் அவனுக்கு வேலை கெட்டுப்போகும் என்று. சரி ஐயா என்று அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டாள்.

உனக்கே தெரியும், நீ அங்கிருந்து ஒன்றும் பார்க்கவில்லை. வைகாசியில் வந்தபோது உன் லேப்டாப்பையும் இந்தக் கம்ப்யூட்டரையும் இணைத்துப் படிவங்களை எல்லாம் மாற்றிக் கொடுத்தாயே, அப்போது வந்த பெட்டி அது. அதற்கு நீ செழியன் என்று தமிழில் பெயர் போட்டு, "அப்பா, இதப் படிங்க பாப்போம்" என்றாய். செ, ழி, ய, ன் என்று ஒவ்வொன்றாகக் கூட்டி நான் படித்ததும் நீயும் மலர்க்கொடியும் கை தட்டினீர்கள். வகுப்பில் காட்டும் பட அட்டையில் இல்லாமல், டீச்சர் விரல் வைத்துக் காட்டாமல் நானாகப் படித்த முதல் சொல் அது. நீ போன பிறகும் காலையில் சென்டரைத் திறந்து சாமி படத்துக்கு ஊதுவத்தி கொளுத்தியதும், அந்தப் பெயரை ஒரு தடவை படித்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவேன்.

அந்தச் சிவப்புக் குறி என்னை ரொம்ப நாளாகத் தின்றுகொண்டிருந்தது தம்பி. உன் பெரியப்பா இறந்த வருடம் ரேஷன் கார்டில் பெயர் எடுக்க வேண்டும் என்று பாபநாசத்துக்கு என்னைத்தான் அனுப்பினார்கள். அங்கே இருந்தவர் ஏட்டைத் திறந்து ஒரு வரிமேல் சிவப்பு மையால் கோடு இழுத்தார், இழுத்துவிட்டு என் கட்டை விரலைப் பிடித்துப் பக்கத்தில் உருட்டினார். அது அண்ணன் பெயர்தானா என்றுகூட எனக்குப் படிக்கத் தெரியாது. பெயர்மேல் சிவப்பு என்றால் எனக்கு அதுதான். நீ ஊருக்குப் போன மறுநாளே இந்தக் குறி வந்துவிட்டது, ஆனால் நீ தினமும் போனில் பேசிக்கொண்டிருந்தவரை அது என் கண்ணை உறுத்தவில்லை. உன் குரல் நின்ற பிறகு அதன்மேல் இருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. அதை எடுத்துவிடலாமா என்று ஒருத்தி கேட்டால், சரி எடுத்துவிடு என்று என் வாய் எப்படிச் சொல்லும். வீட்டில் இருந்து ஒருவர் பெயரை எடுப்பது எதற்கு என்று எங்களுக்குத் தெரிந்தது அது ஒன்றுதானே.

புதன்கிழமை இன்னும் மோசம். மாலைவரை உட்கார்ந்தும் முப்பத்தொரு பேருடையதுதான் முடிந்தது. ஒவ்வொரு தடவை வட்டம் சுற்றும்போதும் மலர்க்கொடி கைவிரலைச் சொடுக்கிக்கொண்டே இருந்தாள், பத்து விரலிலும் சொடுக்க ஒன்றும் மிச்சம் இல்லை. தஹ்மீனா போனில், எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுவதுதான் வழி, ஆனால் ஒரு நாள் முழுக்க ஆகும் என்று சொல்லிவிட்டாள். ஒரு நாள் போனால் மிச்சம் ஒரு நாள்தான், அதில் ஐம்பத்தொன்பது பேர். பாபநாசத்தில் வேறு கடையில் கொடுக்கலாம் என்றால் அங்கே தெருவரை வரிசை நிற்கிறது என்றார்கள். வியாழக்கிழமை காலையில் கடைமடையில் குத்தகைக்குச் செய்யும் இளவழகன் வந்து எட்டிப் பார்த்தான். "என்ன மலரு, ஒன் கம்ப்யூட்டரும் எங்க வாய்க்கா மாதிரிதானா, கடைசில இருக்கறவனுக்கு வர்றதுக்குள்ள கருதே காஞ்சிடுமா?" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான், ஆனால் வாசலை விட்டுப் போகவில்லை, மேகத்தைப் பார்ப்பதும் உள்ளே பார்ப்பதுமாக நின்றான். அவன் வயல் எவ்வளவு பள்ளம் என்று உனக்குத் தெரியும், மழை பெய்தால் முதலில் முழுகுவது அதுதான். மலர்க்கொடி அடுத்தவர் காகிதத்தை எடுத்து மறுபடியும் அழுத்திப் பார்த்தாள்.

மதியம் சாப்பிட வந்தபோது சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். உன் அம்மா என்ன என்று கேட்டாள், சொல்லிவிட்டேன். அவள் குழம்புக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "ஏங்க, மிஷின்ல இருக்கற பேருக்கு நீங்க காவல் இருக்கீங்க, அங்க அம்பது அறுவது பேரு வயலு காவல் இல்லாம கெடக்குது. என் புள்ள பேர நான் எங்க வச்சிருக்கேன்னு எனக்குத் தெரியும், போயி எடுத்து விடுங்க" என்றாள். அப்படிச் சொன்னவள் கண்ணில் தண்ணீர் நின்றது, அதையும் எழுதிவிடுகிறேன். எனக்கு அப்போது வேறு ஒன்றும் உறைத்தது. தண்ணீர் கட்டிய நாற்பது வருடத்தில் முறை இல்லாத நேரத்தில் சொந்தக்காரன் மடையைத் திறந்து வைத்தான் என்று ஒருவரும் என்னைச் சொன்னதில்லை. அப்படிச் செய்த ஆட்களை நானே ஊர்க் கூட்டத்தில் எழுப்பி நிற்க வைத்துக் கேட்டிருக்கிறேன். ஊரார் மடையை எல்லாம் மூடச் சொல்லிக் கொடுத்துவிட்டு என் மகன் மடையை மட்டும் நான் மறைத்து வைத்திருக்கிறேன்.

சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுச் சென்டருக்குப் போனேன். தஹ்மீனா இரவெல்லாம் விழித்தாவது எல்லாவற்றையும் துடைத்துப் புதிதாகப் போடுவது என்று வந்து ஆயத்தமாக உட்கார்ந்திருந்தாள். நான் சொன்னேன், அம்மா, ஒரு மடையை நான் உன்னை மூடவிடவில்லை, நான் சொன்னது பொய் என்று. அவள் தலையில் கை வைத்து, "ஐயோ ஐயா, செவ்வாக்கெழமையே சொல்லிருந்தா நான் ரெண்டு நாளா தூங்கிருப்பேனே" என்றாள். மலர்க்கொடி என்னைப் பார்த்துவிட்டு மேசைமேல் இருந்த கட்டை எடுத்து அடுக்க ஆரம்பித்தாள், நான்கு திட்டு திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். தஹ்மீனாதான் விளக்கிச் சொன்னாள். நாம் எந்தப் பெட்டியைத் திறந்தாலும், வலது பக்கம் அழுத்தினாலும், அந்த மிஷின் முதலில் உன் லேப்டாப்பைக் கூப்பிடுமாம். இங்கேதான் எங்கேயோ இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, பதில் வரும் வரும் என்று காத்திருக்குமாம். வரவில்லை என்று ஆன பிறகுதான் நாம் சொன்ன வேலையைச் செய்யுமாம். அடுத்த தடவை மறுபடியும் முதலில் இருந்து கூப்பிடுமாம். பைல் எல்லாம் உன் லேப்டாப்பில் பத்திரமாக இருக்கும், இங்கே எடுப்பதால் ஒன்றும் அழியாது என்று இரண்டு தடவை சத்தியம் செய்தாள்.

நானே எடுக்கிறேன் என்று கேட்டு வாங்கி மவுஸைப் பிடித்தேன். அம்புக் குறியை உன் பெயர்மேல் வைத்து வலது பக்கம் அழுத்தினேன். வட்டம் சுற்றியது. நான் மனதுக்குள் எண்ணினேன், நாற்பத்தாறு எண்ணும்வரை சுற்றியது, அதற்குப் பிறகுதான் பட்டியல் வந்தது. நீதான் எனக்காக எல்லாவற்றையும் தமிழில் மாற்றி வைத்துவிட்டுப் போயிருந்தாயே, ஒவ்வொரு வரியாகக் கூட்டிப் படித்தேன். ஐந்தாவது வரியோ ஆறாவது வரியோ, துண்டி என்று இருந்தது. தஹ்மீனா அதுதான் ஐயா என்றாள். கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன். இளவழகன் வாசலில் இருந்து உள்ளே வந்து எனக்குப் பின்னால் நின்றான், அவன் மூச்சு என் கழுத்தில் பட்டது. அழுத்திவிட்டேன். உன் பெயர் போய்விட்டது. தஹ்மீனா ஒரு பெட்டியைத் திறந்தாள், கண் இமைப்பதற்குள் திறந்துகொண்டது. வலது பக்கம் அழுத்தினாள், பட்டியல் வந்து விழுந்தது. இளவழகன் என் தோளைப் பிடித்து உலுக்கி, "மாமா, தண்ணி வந்துடுச்சு" என்றான்.

அன்று மாலை மலர்க்கொடி எனக்கு டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, "நாளைக்கு வேற எங்கயும் போவக் கூடாது, நீங்கதான் ஒவ்வொருத்தர் பேரா படிச்சு காயிதத்த எடுத்துக் குடுக்கணும்" என்றாள். எனக்கு அவள் கொடுத்த தண்டனை அது என்று நினைக்கிறேன், ஆனால் அதைவிடச் சந்தோஷம் எனக்கு என்ன இருக்கிறது. வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தோம். சிட்டாவில் இருக்கும் பெயரை நான் கூட்டிப் படித்துக் கூப்பிடுவேன், அவள் பதிவாள். பிரகதாம்பாள் என்ற பெயரைப் படித்து முடிப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. "அப்பா, இப்ப மிஷின் உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்குது" என்று மலர்க்கொடி சிரித்தாள், ஐந்து நாளில் அவள் முதல் சிரிப்பு அது. மாலை நான்கரைக்குக் கடைசிக் காகிதமும் முடிந்தது. ரசீதை வாங்கிப் பார்த்த இளவழகன் அதில் இருந்த தன் பெயரை என்னையே படிக்கச் சொன்னான். அவன் பெயரிலும் அந்த 'ழ' இருக்கிறது. மறுநாள் விடியற்காலையில் பிடித்த மழை இதை எழுதும்போதும் பெய்துகொண்டிருக்கிறது, நம் வயலில் இப்போதைக்கு வரப்பு தெரிகிறது, இளவழகன் வயலில் தெரியவில்லை. ரசீதைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிப் பெட்டியில் வைத்திருக்கிறானாம்.

ஒரு நல்ல காரியம் முடிந்தும் எனக்குத் தூக்கம் வரவில்லை. தஹ்மீனா சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். எந்த வேலையைத் தொட்டாலும் முதலில் உன்னைக் கூப்பிட்டுப் பார்த்து, பதில் இல்லை என்றான பிறகு அந்த வேலையைச் செய்வது, உன் அம்மா இருபத்து மூன்று நாளாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறாள். அடுப்பு மூட்டுவதற்கு முன்னால் போன், மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதற்கு முன்னால் போன். மிஷினுக்கு ஒரு வரியை அழுத்திச் சொல்லிவிட்டோம், இவளுக்கு நான் எந்தப் பக்கம் அழுத்துவது. நானும் அப்படித்தான் இருக்கிறேன், ஆண்பிள்ளை என்பதால் வெளியே சொல்வதில்லை.

ஆகவே தம்பி, மலையை விட்டு இறங்கி எங்கே போன் எடுக்கிறதோ அங்கேயே வண்டியை நிறுத்திவிட்டுக் கூப்பிடு, அங்கே என்ன நேரம், இங்கே என்ன நேரம் என்று கணக்குப் பார்க்காதே. குளிருக்குக் காதை மூடிக்கொள். மாட்டுக்குப் பின்பக்கம் நிற்கும்போது கவனம், டாக்டர் என்று அதற்குத் தெரியாது. அடுத்த தடவை வரும்போது எதையாவது இணைத்தால் போகும்போது நீயே அதைப் பிரித்துவிட்டுப் போ, அந்த வேலையை என்னிடம் விட்டுப் போகாதே. நம் குலசாமி உனக்குத் துணையாக இருக்கட்டும், நீ தொடுகிற ஒவ்வொரு கன்றும் எழுந்து நின்று பால் குடிக்கட்டும்.

உறையில் இங்கிலீஷ் முகவரியை மலர்க்கொடி எழுதிவிட்டாள். அதற்கு மேலே உன் பெயரை மட்டும் தமிழில் நான் எழுதியிருக்கிறேன், மூன்று உறை வீணாகி நான்காவதில்தான் சரியாக வந்தது. தபால்காரருக்கு அது தேவை இல்லையாம், மலர்க்கொடி சொன்னாள். இருக்கட்டும். கம்ப்யூட்டரில் இருந்து எடுத்த பெயரை நான் எங்கேயாவது வைக்க வேண்டும் அல்லவா. வருகிற வாரத்துக்கும் ஒரு உறை வாங்கி வைத்திருக்கிறேன், நீ அதற்குள் பேசினாலும் சரி, பேசாவிட்டாலும் சரி, அதிலும் உன் பெயரை எழுதுவேன்.

உன் அப்பா,
சோ. வீரையன்
(கைநாட்டு இல்லை, கையெழுத்து)